எண்பத்திரண்டு சதவீதம்

ஆஸ்பத்திரியில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவர் முதலில் கேபிளைத்தான் பிடுங்கிச் செருகுவார். இருபது வருடப் பழக்கம். கேபிள்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஆனால் அந்த ஃபயர்வால் பெட்டி இந்த வித்தைக்கெல்லாம் மசியவில்லை. நெட்வொர்க்கின் வாசலில் நின்று வருவதையும் போவதையும் சோதிக்கிற பெட்டி அது. அதில் புது சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும். ஃபைலை அனுப்பினால் எண்பத்திரண்டு சதவீதம் வரை சமர்த்தாகப் போகும். அப்புறம் ‘எழுத முடியவில்லை’ என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். மூன்று வாரமாக இதே கூத்து.

முதல் நாளே மேனேஜருக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. கேபிள்காரர் தன் மச்சினனைக் காட்டிக்கொடுத்தார். மனைவியின் தம்பி. நான்கு மாதத்துக்கு முன் இவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன். பெட்டியின் செட்டிங்கைக் கடைசியாக மாற்றியது அவன்தான் என்பது போதுமானதாக இருந்தது. அவன் கை வைத்ததால்தான் கெட்டது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டார். சொந்தக்காரன் என்றுகூடப் பார்க்காத நேர்மையை மேனேஜர் மெச்சிக்கொண்டார். அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது அவன் ஒன்று சொன்னான்.

“மாமா, பெட்டிக்குள்ள இடம் இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க.”

“எனக்கே பாடம் எடுக்கறியா நீ?”

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வியாழக்கிழமை காலை, வேறு எதுவும் செய்து பார்க்க மிச்சமில்லாமல், அறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கேபிள்காரர் அதைப் பார்த்தார். இடம் இல்லை. ஒரே ஒரு ஃபைல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. ஏதோ பழைய கோளாறைப் பிடிக்க, போகிற வருகிற தகவலையெல்லாம் பதிவு செய்யச் சொல்லி யாரோ பெட்டியை முடுக்கிவிட்டிருக்கிறார்கள். கோளாறு சரியானதும் நிறுத்த மறந்துவிட்டார்கள். ஃபைலின் பெயரிலேயே தேதியும் ஆளும் இருந்தன. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. ஆள், அவரேதான்.

மச்சினன் வேலைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்தது இது. மேனேஜரிடம் போய்ச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும். அவருக்கு என்ன ஆகிவிடும்? ஒரு மாதம் கேன்டீனில் கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான். அந்தக் கிண்டலைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பதிவை நிறுத்தினார். ஃபைலை அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஆமாம் என்றார். சாஃப்ட்வேரை மறுபடி அனுப்பினார். எண்பத்திரண்டைத் தாண்டி நூறைத் தொட்டது.

அவன் தொலைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தீர்களா என்று மேனேஜர் சிரித்தார். கேபிள்காரரும் சிரித்து வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு மச்சினனின் போன் வந்தது. வீட்டில் அவனை நம்பிய ஒரே ஆளான அக்காதான் எடுத்தாள். எடுத்தவள் ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்தாள். இந்த மூன்று வாரமும் அவள் கணவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“சரியாயிடுச்சாமே மாமா. இடம் பாத்தீங்களா?”

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேன். இடமெல்லாம் நெறையவே இருந்துச்சு. நீ மாத்தி வெச்சதத்தான் திருப்பி மாத்தினேன்.”

மனைவி போனைக் கையில் எடுத்தாள்.

“இனிமேலாவது மாமா சொல்றதக் கேட்டு நடடா” என்றாள் தம்பியிடம். பிறகு மூன்று வாரத்தில் முதல் தடவையாக, சாப்பிட வாங்க என்று கணவனைக் கூப்பிட்டாள்.