புழுவுக்குள் வந்த விருந்தாளி

சங்கு அலறியது. விவசாயி பருத்திப் புழுவைக் கொல்லப் பூஞ்சை வித்துகளைத் தெளிக்கத் தொடங்கிவிட்டார்.

ரத்த அணுக்களான நாங்கள் குடியிருப்பது ஒரு காய்ப்புழுவின் உடம்புக்குள். வாடகை கிடையாது. வெளியாள் நுழைந்தால் எல்லோரும் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அவன் மூச்சடைத்துக் கறுத்துச் சாவான். உள்சுற்றில் நிற்பவர்களும் சாவார்கள். வெளிச்சுற்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்.

எங்கள் கூரையில் துளை விழுந்தது. பூஞ்சை வித்து ஒருவன் இறங்கினான். புது மாப்பிள்ளை மாதிரி வெள்ளையாக இருந்தான். கொடியில் கிடந்த என் மனைவி கோகிலத்தின் புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டான்.

கோகிலம் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள்.

அப்போது காவல் மேஸ்திரி வீராசாமி ஆட்களோடு நுழைந்தார். அவர்கள் யாருக்கும் கண் கிடையாது. மூக்கும் காதும்தான்.

புடவையை முகர்ந்தார். "நம்ம வீட்டு வாசம்."

கோகிலத்தை முகர்ந்தார். "சோப்பு வாசம். இதான் வெளியாளு. புடிங்கடா!"

"அண்ணே, அது என் பொண்டாட்டி!"

"போன மழைக்கு ஒருத்தன் மாமியாரைக் காட்டி வெளியாளுன்னான். அதையும் நம்புனோம். இனிமே மூக்கு சொல்றதுதான்."

முதல் சுற்று அவளைக் கட்டிக்கொண்டது. அதன்மேல் இன்னொன்று. நான் ஓடினேன். ஓட ஓடக் கூடம் நீண்டுகொண்டே போனது. மறுபடி ஓடினேன். ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் தள்ளுங்க சார், டூட்டியில இருக்கேன்" என்றான். அவன் காது கறுக்கத் தொடங்கியிருந்தது.

விருந்தாளி எங்கள் சுவரைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தா சுவரைத் திங்கிறான்! கேக்கலயா?"

வீராசாமி காதைத் தீட்டினார். அவர் முகம் கனிந்தது. "புள்ளத்தாச்சி போல. வாய்க்கு எது கேக்குதோ தின்னட்டும்."

வித்தின் வயிறு நிஜமாகவே வீங்கியது. உள்ளே பலர் பேசிக்கொண்டார்கள்.

நான் குவியலுக்குள் கையை விட்டேன். கோகிலத்தின் விரல்கள் கிடைத்தன. இழுத்தேன். வரவில்லை. நகங்கள் கறுத்துவிட்டன.

வீராசாமி என் பக்கம் திரும்பி மூக்கை விரித்தார். "நீ ஏன் இன்னும் கட்டிப்பிடிக்கல? உன் கையிலயும் சோப்பு அடிக்குதே!"

ஆட்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

குவியலுக்குள்ளிருந்து கோகிலம் என் விரலை விட்டாள்.

"நீங்களும் வந்து கட்டிப்பிடிங்க," என்றாள். "வெளிச்சுத்துலயே நில்லுங்க. உள்ள வந்துடாதீங்க."