கிளைவின் கழுத்துவலி

கிளைவுக்குக் கொஞ்ச நாளாகவே கழுத்துவலி. கப்பல் முகவர் அலுவலகத்தில் பகல் முழுக்கக் கணினி முன் உட்காரும் வேலை. வெள்ளவத்தையில் ஒருவர் எலும்பைத் திருகியே நோவை எடுத்துவிடுகிறார் என்று யாரோ சொல்ல, போவதென்று பிடிவாதமாக நின்றான்.

மனைவி ரொஷேல் உயர்தர வகுப்பு மாணவருக்கு உயிரியல் படிப்பிப்பவள்.

"கழுத்தை மட்டும் திருக விடாதேங்கோ. அதுக்குள்ளாலதான் மூளைக்கு இரத்தம் போகுது."

"உமக்கு எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும். அங்க சனம் சும்மாவா வந்து குந்தியிருக்குது?"

கோபத்தோடுதான் கூடப் போனாள். மாடிவீட்டுச் சுவரில் ஒரு முதுகெலும்புப் படம். ஆஸ்துமா, சலரோகம் என்ற நீரிழிவு, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு எலும்பைக் காரணம் காட்டியது.

"சலரோகத்துக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?" என்று எலும்பு திருகுபவரிடம் கேட்டாள்.

"நம்பிக்கையோட வரவேணும், மிஸ்," என்றபடியே அந்த மனிதர் கிளைவின் தாடையைப் பிடித்து ஒரே வெட்டாகத் திருப்பினார்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள் கிளைவ் வாந்தி எடுத்தான். ரோடு சுற்றுகிறது என்றான். ரொஷேல் அந்த மனிதருக்குப் போன் எடுத்தாள்.

"நச்சு வெளியேறுது. தண்ணி குடுங்கோ."

கிளைவும் வீட்டுக்கே போகலாம் என்றான். ரொஷேல் அவனை விரலால் மூக்கைத் தொடச் சொன்னாள். விரல் கன்னத்தில் போய் முட்டியது. சாரதியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னாள்.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்து நாடி ஒன்று கிழிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அதிலிருந்து போன இரத்தக்கட்டி மூளையின் பின்பக்கத்தில் அடைத்திருந்தது.

"அந்தாள் திருகினதாலதானே, டொக்டர்?"

"இருக்கலாம்," என்றார் டொக்டர் நிப்லா. "ஆனா கிழிசல் முதலே தொடங்கி, அதாலயே கழுத்து நொந்திருக்கவும் கூடும். நிச்சயமாச் சொல்ல ஏலாது. எப்படியெண்டாலும் திருகியிருக்கக் கூடாது."

ரொஷேலுக்கு ஓம், அவராலதான் என்ற ஒரு பதில் போதுமாயிருந்தது. அது கிடைக்கவில்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தாள், உட்கார முடியவில்லை.

கிளைவ் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு, அவள் தனியே வெள்ளவத்தைக்குப் போனாள். உள்ளே அந்த மனிதர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காத்திருந்த பெண்களிடம் நடந்ததைச் சொன்னாள். டொக்டர் சொன்னதில் தனக்குப் பிடிக்காத பாதியையும் மறைக்கவில்லை.

"அப்ப இவரால எண்டு நிச்சயமில்லத்தானே?" என்றாள் ஒருத்தி.

"நிச்சயமில்லத்தான். ஆனா அந்த நாடி எப்படியிருக்கெண்டு இவருக்கும் தெரியாது. பார்க்காமத்தான் திருகினவர்."

கதவு திறந்து கூப்பிட்டதும் கேள்வி கேட்டவள் உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் இருந்தவள் பையை எடுத்துக்கொண்டு ரொஷேலோடு படியிறங்கினாள்.

"ஆஸ்பத்திரியில முதல்ல ஆரிட்டக் காட்டவேணும், மிஸ்?"

இருவரும் பேசியபடியே பிரதான வீதியான காலி வீதிக்கு நடந்தார்கள்.