பச்சை மழைச்சட்டைக்காரியின் கடன்

"ஒருத்தரும் பாக்காட்டியும் தேர் ஓடுமோ, அம்மா?"

நிதுஷன் இப்படிக் கேட்டபோது அவனுக்கு ஏழு வயது. 2009ஆம் ஆண்டு, சுவிஸ் நாட்டின் பேர்ண் கோவிலில் தேர். ஊரில் போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு பட்டுச் சேலையை எடுத்து உடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. பாதிச் சனம் வீட்டைவிட்டே வெளிக்கிடவில்லை. போதாக்குறைக்கு மழை வேறு. குடையோடு வந்த நாற்பது ஐம்பது பேரும் வடத்தைப் பிடித்துவிட்டதால் வீதியோரத்தில் நின்று பார்க்க ஆளில்லை. கமலாவதி தலையில் பால்குடத்தோடு நடந்துகொண்டிருந்தாள். குடம் சுமக்கிறவள் வாய் திறக்கக்கூடாது. அதனால் மகனுக்குப் பதில் சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனாள்.

பதின்மூன்று வருடம் ஓடிப்போயிற்று. மின்வேலை படித்து முடித்த நிதுஷன், முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு மூன்று கிழமை ஸ்கொட்லாந்துக்குத் தனியாகப் போய்வந்தான். பல பேர் ஓர் அறையில் படுக்கும் பயணிகள் ஹொஸ்டல்களில் தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு, கன்னம் ஒட்டித் திரும்பி வந்தான். வந்த மூன்றாம் நாள், சோலோதுர்ன் நகரத்து வீட்டில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாய்தவறி ஒன்றைச் சொன்னான்.

"அங்க ஒரு தீவில எனக்கு நல்ல காய்ச்சல், அம்மா. முப்பத்தொன்பதுக்கு மேல. சொன்னால் அடுத்த பிளேனில வந்து இறங்கியிருவீங்கள் எண்டுதான் சொல்லேல்லை."

கமலாவதியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "ஆர் பாத்தது உன்னை?"

"பக்கத்துக் கட்டில் மனுசி. உங்கட வயசிருக்கும். பச்சை மழைச்சட்டை போட்டிருந்தவ. ரெண்டு நாளும் அசையேல்லை. எனக்காகத் தான் போகவேண்டிய கப்பலையும் விட்டிட்டா. அப்பிளை மெல்லிசா வெட்டி வைப்பா. என்ர ஈரச் சொக்ஸ் எல்லாத்தையும் ஹீற்றரில காயப்போட்டிருந்தா. மூண்டாம் நாள் நான் எழும்ப ஆள் இல்லை."

"எந்த ஊர்?"

"தெரியாது."

"பேரென்ன?"

"கேக்கேல்லை அம்மா. எனக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலெண்டால் பேர் கேக்கக்கூடாதோ? உன்னை வளர்த்த வளர்ப்பு!"

அன்றிலிருந்து கமலாவதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகனைக்கொண்டு அந்த ஹொஸ்டலுக்குக் கடிதம் எழுதுவித்தாள். விருந்தினர் விவரம் தருவதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. கோவிலில் அர்ச்சனை செய்விக்கப் போனாள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பேர் தெரியாது ஐயா. பச்சை மழைச்சட்டை."

ஐயர் சிரிக்கவில்லை. "அப்ப சுவாமி பேருக்கே செய்வம், தங்கச்சி" என்றார்.

செய்தார்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டேயிருந்தது. வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுகளை அடுக்கும்போது, காய்ச்சல்காரருக்கான மெல்லிய சூப்புக் கிண்ணத்தைக் கண்டால் கை ஒருகணம் தயங்கும். தன் பிள்ளைக்கு ஒருத்தி இப்படி ஊட்டியிருக்கிறாள். அவளுக்கு ஒரு நன்றிகூடப் போய்ச்சேரவில்லை. இந்தக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே பால்குடத்தையும் எப்படி வைப்பது? அந்த வருடத் தேருக்கு அவள் குடம் எடுக்கவில்லை. அடுத்த தேருக்கு முன்பு இந்தக் கடனைத் தீர்க்கிறேன், தீர்த்துவிட்டுத்தான் குடத்தைத் தொடுவேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

வாங்கின இடத்தில் கொடுக்க முடியாவிட்டால் வாங்கின மாதிரி ஓரிடத்தில் கொடுக்கவேண்டும். அவளுடைய கணக்கு அவ்வளவுதான். 2023இல், தேருக்கு நான்கு நாள் முன்னதாக லீவு எடுத்தாள். மகனுடைய பையைத் தூசி தட்டினாள்.

கணவன் தவச்செல்வன் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "வீட்டில கட்டில் இல்லையோ? நீயும் ஹொஸ்டல் ஹொஸ்டலாத் திரியப்போறாய்?"

"நாலு நாள்தானே."

"என்னத்தையடியப்பா அடுக்கிறாய்? சுக்கு, மல்லி, காய்ச்சல் மானி, அரிசி... மனுசர் ஊர் பாக்கப் போவினம். வருத்தக்காரரைத் தேடிப் போற முதல் ஆள் நீதான்!"

"நக்கலடிக்காமல் அந்த உப்புப் பைக்கற்றைத் தாங்கோ."

ஒவ்வொரு பொருளையும் கடைப் பிளாஸ்ரிக் பையொன்றில் முடிந்து, எல்லாப் பைகளையும் பெரிய பைக்குள் திணித்தாள். ஐம்பத்துமூன்று வயதில் தனியாக ரெயில் ஏறினாள்.

முதல் இரவு ஓர் ஏரிக்கரை ஹொஸ்டல். அறையில் மூன்று கொரியப் பிள்ளைகள். மூவரும் குதிரைக்குட்டிகள் மாதிரிச் சுகமாக இருந்தார்கள். இரண்டாம் இரவு லுசேர்னில். மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஜெர்மன் பையன் அடுத்தடுத்து ஏழெட்டுத் தும்மல் போட்டான். கமலாவதி ஓடிப்போய்ச் சுக்குமல்லித் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் குடித்துவிட்டுக் கண்ணீர் மல்க, "நன்றி அம்மா, ஆனால் இது புல்லுப் பூத்தால் எனக்கு வருசாவருசம் வருகிறது" என்றான்.

இந்த நாட்டில் ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லையே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. வந்த மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நோய் வரவேண்டும் என்று நினைக்கிற மனம் என்ன மனம்? முருகா, எல்லாரும் சுகமாயிருக்கட்டும் என்று வேண்டினாள். வேண்டிவிட்டு அடுத்த கட்டிலை எட்டிப் பார்த்தாள்.

ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஏரியைப் பார்த்தாள், ஐந்து நிமிடத்தில் எழும்பினாள். கப்பலில் ஏறினாள், அடுத்த துறையிலேயே இறங்கினாள். வெள்ளிக்கிழமை கிழக்கே போகும் ரெயிலைப் பிடித்து, பிறகு மஞ்சள் பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறி, கிராவுபுண்டன் மலைகளுக்குள் ஒரு சின்னக் கிராமத்தில் போய் நின்றாள். ஒரு நாளைக்கு நான்கு பஸ்தான் வந்துபோகிற ஊர். பழைய மரவீடு ஒன்றின் மூன்றாம் மாடியில் பெண்களுக்கான அறை.

அங்கே வெரேனா இருந்தாள். எழுபது வயதுச் சுவிஸ்காரி, நெட்டையாக, நரைத்த கிராப்புத் தலையோடு. கமலாவதி பையைத் திறந்த கையோடு அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"உங்கள் பைகள் சரசரவென்று கதைக்கின்றன. காலையிலும் இப்படித்தான் கதைக்குமா?"

"மன்னிக்கவேணும்" என்றாள் கமலாவதி, தன்னுடைய சமையலறை ஜெர்மனில்.

இரவு வெரேனா திரும்பவும் தொடங்கினாள். "கீழே சமையலறையில் இந்த மணம் உங்களுடையதா?"

"ரசம். குடித்துப் பார்க்கிறீர்களோ?"

"வேண்டாம். ஜன்னல் திறந்துதான் இருக்கும். குளிர்ந்தால் இன்னொரு போர்வை எடுங்கள்."

இவளுக்கு மட்டும் ஒன்றும் வந்துவிடக்கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டு கமலாவதி படுத்தாள்.

சனிக்கிழமை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பேர்ணில் பால்குடம் வெளிக்கிடும். இந்த ஊரிலிருந்து கடைசி பஸ் பின்னேரம் மூன்று நாற்பதுக்கு. அதை விட்டால் அடுத்தது ஞாயிறு ஒன்பது இருபதுக்குத்தான். கடன் தீரவில்லை. குடம் எடுப்பதா விடுவதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் தேருக்கு நிற்கவேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை என்று நேரே நின்று சொல்லவாவது வேண்டும்.

மூன்றேகாலுக்குப் பையை எடுக்க மாடியேறினாள். ஹொஸ்டல்காரர் பகலில் இல்லை; ஐந்து மணிக்குத்தான் வருவார். மற்றவர்கள் மலையேறப் போய்விட்டார்கள். வீட்டில் ஓசையில்லை. பையை முதுகில் மாட்டி, இடுப்புப் பட்டியையும் பூட்டினாள். அப்போதுதான் குளியலறைப் பக்கம் முனகல் கேட்டது.

வெரேனா நிலத்தில், சுவரோடு சாய்ந்து இருந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி. காலையிலிருந்து வயிற்றுப்போக்கும் வாந்தியும். மலையேறப் போனவள் பாதி வழியில் திரும்பி, எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறாள். சப்பாத்தைக் கழற்றியிருந்தாள், சொக்ஸ் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. காதில் தொலைபேசி. ஊர் வைத்தியரோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் இருக்கிறது... இல்லை, நெஞ்சில் நோவில்லை... தண்ணீர் குடிக்கிறேன்." பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டிருக்கவேண்டும். வெரேனா கண்ணை உயர்த்தி, பூட்டிய பட்டியோடு நின்ற கமலாவதியைப் பார்த்தாள். "இல்லை டொக்டர். பக்கத்தில் ஒருவரும் இல்லை. இருப்பவரும் புறப்படுகிறார்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு, "நீங்கள் போங்கள். பஸ் நிற்காது" என்றாள்.

கமலாவதி மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று இருபத்தாறு. இறங்கி ஓடினால் நான்கு நிமிடம். இவ்வளவு நாளும் தேடித் திரிந்தபோது அவள் மனதுக்குள் இருந்த நோயாளி வேறு ஆள்: இருபது வயதுப் பிள்ளை, வீட்டை நினைத்து அழுகிற பிள்ளை, "நன்றி அம்மா" என்று சொல்கிற பிள்ளை. பையின் ஓசை பொறுக்காத கிழவியை அவள் நினைத்துப் பார்க்கவேயில்லை. இந்தக் கடனுக்குத் தேரையும் விடவேண்டி வரும் என்றும் நினைத்திருக்கவில்லை.

அந்தப் பச்சை மழைச்சட்டைக்காரி துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டியிருந்ததோ? அவளுக்கும் அங்கே ஆராவது காத்துக்கொண்டு நின்றார்களோ?

இடுப்புப் பட்டியின் பூட்டைக் கழற்றினாள்.

"வைத்தியர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"தண்ணீர், உப்பு, சீனி. முப்பத்தொன்பது தாண்டினால் திரும்பத் தொலைபேசி எடுக்கட்டாம். நீங்கள்—"

"என்னிடம் அரிசியும் இருக்கிறது."

பஸ் கீழே வந்து நின்று, கதவைத் திறந்து மூடிக்கொண்டு போன சத்தம், அவள் வெரேனாவைத் தாங்கிக் கட்டிலில் இருத்தும்போது கேட்டது.

கஞ்சி வைத்தாள். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். காய்ச்சல் முப்பத்தெட்டு ஆறு, ஒரு மணிநேரம் கழித்து முப்பத்தெட்டு எட்டு. நெற்றிக்கு ஈரத்துணி. வாளியை இரண்டு தடவை கழுவினாள். ஐந்து மணிக்கு ஹொஸ்டல்காரர் வந்தபோது வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இன்னோர் இரவு தங்குகிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னாள். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "பஸ் போயிட்டுது" என்றாள்.

"நாலு பஸ் ஓடுற ஊருக்கு உன்னை ஆர் போகச் சொன்னது?" என்றான் தவச்செல்வன். "நாளைக்கு எனக்குத் தேரில வடம் பிடிக்கிறதோ, உன்னைத் தேடுறதோ வேலை?"

"நீங்கள் வடத்தைப் பிடியுங்கோ."

வெரேனா கொடுத்ததைக் குடித்தாள். ஒரேயொரு தடவை, கஞ்சியை விழுங்கிவிட்டு, "இதில் ரசம் இல்லையே?" என்று சந்தேகத்தோடு கேட்டாள்.

"இல்லை."

"நல்லது."

விடியும்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. வெரேனா வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கமலாவதி குளித்து, நெற்றிக்குத் திருநீறு பூசி, சமையலறைக்கு இறங்கினாள். ஹொஸ்டல்காரர் வாசலில் பனிச்சறுக்குப் பலகைக் கொட்டிலோடு மாரடித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் அவள் ஒருத்திதான். கஞ்சியைச் சூடாக்கி ஒரு மூடிச்சட்டியில் ஊற்றினாள். சுவர் மணிக்கூடு எட்டேமுக்கால் காட்டியது. பேர்ணில் இப்போது குடங்களை வரிசையாக வைத்து நூல் சுற்றி முடித்திருப்பார்கள்.

சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி மாடியேறினாள். மூன்று மாடி. பழைய மரப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அசைந்தது. ஒரு துளி சிந்தவில்லை. வழியில் எதிர்ப்பட்ட ஒரு பெண் "காலை வணக்கம்" சொன்னாள். கமலாவதி தலையை மட்டும் அசைத்தாள். ஏன் வாய் திறக்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

கட்டிலருகே சட்டியை வைத்தாள். ஓர் அப்பிளை எடுத்து மெல்லிசாக, கண்ணாடி மாதிரி வெட்டி, எலுமிச்சம்புளி தடவித் தட்டால் மூடினாள். இரவு ஹீற்றரில் போட்டிருந்த வெரேனாவின் சொக்ஸைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து மொறுமொறுவென்றிருந்தது. சோடி சேர்த்துச் சப்பாத்துக்குள் வைத்தாள். பிறகு தன் பைகளை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் நெஞ்சோடு அணைத்துக் கீழே கொண்டுபோய், சப்பாத்து அறையில் வைத்து அடுக்கினாள்.

பெயரை எழுதி வைக்கலாமோ என்று ஒருகணம் நினைத்தாள். எழுதவில்லை.

ஒன்பது இருபது பஸ்ஸில் அவளும் ஓட்டுநரும்தான். முதலாவது வளைவில் தொலைபேசி அடித்தது. அந்தப் பக்கம் நாதஸ்வரமும் அரோகராவும் காதைப் பிளந்தன.

"தேர் வெளிக்கிட்டிட்டுது!" என்று தவச்செல்வன் கத்தினான். "எங்கயப்பா நிக்கிறாய்?"

"பஸ்ஸில."

"என்ன, ஆராவது வருத்தக்காரர் அம்பிட்டினமோ?"

கமலாவதி திரும்பிப் பார்த்தாள். மரவீட்டின் மூன்றாம் மாடி ஜன்னல் இன்னும் திறந்துதான் கிடந்தது.

"இல்லை" என்றாள். "எல்லாரும் சுகமாத்தான் இருக்கினம்."