சாட்சிக் கையெழுத்து

"சின்ன எழுத்து போடுங்க. பெருசு போட்டுட்டீங்க, அழிங்க," என்றாள் அவள்.

அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அழித்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கை. ஸ்டீயரிங்குக்கு முன்னால் சிங்கம், கீபோர்டுக்கு முன்னால் பூனை. மனைவியின் லேப்டாப்பை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணி இருக்கும். அவள் நாலு வார்த்தை சொல்வதும், ஆக்ஸிஜன் மாஸ்க்கை மூக்கில் வைத்து இழுப்பதும், மறுபடி நாலு வார்த்தை சொல்வதுமாக இருந்தாள்.

கம்ப்யூட்டருக்குள் அடித்தளமாக ஓடுகிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் கையேடு எழுதுவது அவள் உத்தியோகம். அந்தக் காலத்தில் அந்த சிஸ்டத்தை எழுதியவர்கள் மகா சிக்கனக்காரர்கள். ஒரு சொல்லை முழுசாக எழுதக் கை வராது. நடு எழுத்துகளைத் தின்றுவிட்டு ஓரத்தில் இரண்டு மூன்றை மிச்சம் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் முழித்தார்கள். அந்த எச்சங்களுக்கெல்லாம் விரிவு தேடிப் பட்டியல் போட உட்கார்ந்தாள் அவள். பதினோரு வருஷம். ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது.

அவருக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது. ஆனால் கேட்பார். வண்டி விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னிக்கு என்ன எழுத்து?" என்பார்.

"டி.டி.ஒய். டெலிடைப். கம்பி வழியா டைப் அடிக்கிற பழைய மிஷின். மிஷின் இரும்புக் கடைக்குப் போயிடுச்சு. பேரு மட்டும் உள்ளயே உக்காந்திருக்கு."

"வாடகைக்கு வந்தவன் காலி பண்ணிட்டுப் போயும் வாசல்ல பேர்ப்பலகை தொங்குற மாதிரி."

"அதேதான்," என்று சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் இப்படித்தான் பேச்சு ஓடியது.

இன்றைக்குப் பட்டியலில் ஒன்றே ஒன்று பாக்கி. மூன்று எழுத்து. எழுதியவர் செத்துப் பல வருஷம் ஆயிற்று. அவருடன் வேலை பார்த்த இரண்டு பேருக்குக் கடிதம் போட்டுக் கேட்டும் துப்புக் கிடைக்கவில்லை.

"பொருள் தெரியவில்லைன்னு அடிங்க."

"ஏதாவது பொருத்தமாப் போட்டு முடிச்சுடேன். யார் வந்து கேக்கப் போறாங்க?"

அவள் மாஸ்க்கை எடுத்தாள். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா, அதை நம்பி எவனோ ஒருத்தன் மாசக்கணக்கா மாரடிப்பான். பாவம் இல்லையா? தெரியலைன்னே போடுங்க."

அவர் அடித்தார். ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். இளவயசுக்காரர், தூக்கம் பார்க்காத முகம். கையில் ஒரு தாள். அதை அவளிடம் நீட்டாமல் நேராக அவரிடம் நீட்டினார். அவள் கையெழுத்து ஏற்கெனவே கீழே இருந்தது, கொஞ்சம் கோணலாக. பக்கத்தில் சாட்சி என்று ஒரு கட்டம். மேலே தடித்த எழுத்தில் டி.என்.ஆர்.

"என்னதிது?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"ஆஸ்பத்திரி சமாச்சாரம். நான் படிச்சுப் பாத்துட்டேன். போடுங்க."

அவள் படித்துவிட்டாள் என்றால் அப்புறம் என்ன இருக்கிறது. வீட்டுப் பத்திரமோ வங்கிக் காகிதமோ, அவள் விரல் வைத்த இடத்தில் போட்டே பழகியவர். போட்டார். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளைப் பார்த்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணிக்கு அவள், "அந்தத் திரையை இழுத்து விடுங்க, வெயில் கண்ணுல அடிக்குது," என்றாள். இழுத்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் மூச்சு நின்றிருந்தது.

அவருக்கு அது தெரியும். போன மாசம் ஒரு தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்குக் கட்டிலோரப் பட்டனை அமுக்கியதும் ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள், அவரை வெளியே தள்ளினார்கள், ஒருவர் கட்டில் மேலேயே ஏறி நெஞ்சை அமுக்கினார். உயிர் திரும்பியது. விலா எலும்பு இரண்டு முறிந்தது. அதற்கப்புறம் அவள் ஒரு பக்கமாகப் படுத்ததே இல்லை. அவர் டாக்டர்களைக் கும்பிட்டார், வார்டில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

பட்டனை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். வயசான நர்ஸ் ஒருத்தி வந்தாள். நடந்து வந்தாள். மனைவியின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கத்திக்கொண்டிருந்த மிஷினின் சத்தத்தை நிறுத்தினாள்.

"நெஞ்சை அமுக்குங்கம்மா."

நர்ஸ் அசையவில்லை.

"அமுக்குங்கன்னு சொல்றேன்ல." அவரே இரண்டு உள்ளங்கையையும் மனைவியின் நெஞ்சில் வைத்தார். நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பாக இருந்தது.

"வேண்டாம்யா. விட்டுடுங்க. எழுதிக் கொடுத்திருக்காங்க."

"யாரு?"

"அவங்கதான். நீங்க சாட்சி போட்டிருக்கீங்களே. மூச்சு நின்னா திரும்ப உயிர் கொடுக்க எதுவும் செய்ய வேண்டாம்னுதானே அந்த டி.என்.ஆர்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சொல்லலையா?"

அவர் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எடுத்த பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

மைத்துனி அலுவலகத்திலிருந்து நேராக வந்தாள். அக்கா முகத்தைத் தொட்டாள், அழுதாள், முகம் கழுவிக்கொண்டு வராந்தாவில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் தரையைப் பார்த்தபடி, "உனக்குத் தெரியுமா?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று அவள் கேட்கவில்லை. "போன வாரம் சொன்னா, அத்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா போட மாட்டீங்கன்னா."

"போட்டிருக்க மாட்டேன்."

"அந்த விலா வலி அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது அத்தான். நீங்க டீ குடிக்கப் போற நேரம் பாத்துத்தான் அழுவா."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது தாண்டிப் போகும்வரை இருவரும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"தனக்குப் பொய் சொல்ல வராதுன்னு பயந்துட்டே இருந்தா," என்றாள் மைத்துனி. "'ஒரு தடவை கேட்டா எதையாவது சொல்லித் தட்டிடுவேன். ரெண்டாந்தரம் கேட்டார்னா சொல்லிடுவேன்டி'ன்னா." அவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா?"

"ஒரு தடவை," என்றார்.

அதற்கப்புறம் வேலைகள் இருந்தன. அந்த இளவயசு டாக்டர் வந்து அவர் தோளில் கை வைத்து, அம்மாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினதாகவும், வீட்டுக்காரரிடம் தானே சொல்லிக்கொள்வதாக அம்மா சொன்னதாகவும் சொன்னார். "காலைலயே நான் சொல்லியிருக்கணும் சார்," என்றார். அவர் தலையாட்டினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. மனைவியின் ஆபீசிலிருந்து ஒருவர் போன் செய்தார். மைத்துனி வாங்கிப் பேசினாள்.

ஐந்து மணிக்கு மனைவியை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்கள். முன்னால் உட்காரச் சொன்னபோது வேண்டாமென்று பின்னால் ஏறி, பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே மைத்துனி. நடுவில் அவள். வண்டி ஓட்டியவன் சின்னப் பையனில்லை, நாற்பது வயசு இருக்கும். ஆனாலும் பிரேக்கைக் குத்திக் குத்திப் பிடித்தான். ஒவ்வொரு குத்துக்கும் துணிக்குள் அவள் தலை லேசாக ஆடியது. அவருடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்திப் பார்த்தது.

கண்ணாடித் தடுப்பைத் தட்டினார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்க. அவசரம் ஒண்ணும் இல்லை."

வண்டி மெதுவானது. பின்னால் வந்த யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.