நோலாவுக்கு ஒரு குறையும் இல்லை

"அடியே நோலா, நாளைக்கு வர்றவகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடுடி" என்றாள் வால்டா. தண்ணீருக்கு மேலே அவள் தலை மட்டும்தான் தெரிந்தது.

எண்பத்து மூன்று வயது நோலா காதில் தண்ணீர் போனவள் போலப் பாவனை செய்தாள். ஆஸ்திரேலியாவின் டாரகா ஊரில் கடலோரப் பாறையை வெட்டிக் கட்டிய அந்தக் குளத்தில் இருவரும் இருபது வருஷமாகக் காலையில் நீந்துகிறவர்கள். ஜூலைக் குளிரிலும் லீவு கிடையாது. தண்ணீருக்குள் நோலாவைப் பார்த்தால் அறுபது என்று சத்தியம் செய்யலாம். கரையேறிய பிறகுதான் மிச்ச வயது வந்து சேரும்.

"கைத்தடியை ஒளிச்சு வைக்காத. உனக்கு ரொம்ப மோசமான நாள் எதுவோ, அதைச் சொல்லு."

"எதுக்கு, பிச்சை கேக்கவா?"

"பிச்சையா? அம்பது வருஷம் வரி கட்டினியே, அது யாருக்காம்?"

நோலா ஆறு வாரத்துக்கு முன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தாள். எலும்பு தப்பியது, மகளுக்குத்தான் தூக்கம் போயிற்று. பெர்த்தில் இருக்கும் மகள் கரின் போனிலேயே அரசாங்கத்தின் முதியோர் உதவிக்குப் பதிந்துவிட்டாள். ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். கைப்பிடி, துப்புரவுக்கு ஆள், போய்வர வண்டி என்று எது தேவையோ எழுதிக்கொண்டு போவார். அவ்வளவுதான் விஷயம். நோலாவுக்கு மட்டும் அது தன்னைத் தூக்கிப்போக வரும் வண்டியாகத் தெரிந்தது.

"இன்னைக்குக் கைப்பிடி வேணும்பேன். நாளைக்குப் பெட்டியைக் கட்டும்பாங்க. நம்மோட நீந்திட்டிருந்த ஜாய்ஸைக் கொண்டு போகலியா, அந்த மேட்டு மேல இருக்கற முதியோர் இல்லத்துக்கு? பதினொன்றரைக்கே மத்தியான சாப்பாடு போடறாங்களாம்!"

"ஜாய்ஸ் உதவி கேட்டதால போகலடி. கேக்காம இருந்து, ரெண்டாவது தடவை விழுந்து, இடுப்பு ஒடைஞ்சு போனா. நீயும் அந்த வழிதான் போற."

நோலா எதிர்க்கரைக்கு நீந்திப் போனாள். தர்க்கத்தில் தோற்கும்போதெல்லாம் அவளுக்கு வேகம் வந்துவிடும்.

மறுநாள் பத்து மணிக்கு வீடு கல்யாண வீடு மாதிரி மின்னியது. அதற்காக அந்த வாரம் இரண்டு நாள் வேலை செய்து, ஒரு மத்தியானம் முழுக்கப் படுத்துக் கிடந்தாள் என்பது வேறு கதை. கைத்தடி, காலமான கணவரின் கோல்ஃப் பைக்குள் மட்டைகளோடு மட்டையாக நின்றது. உதட்டில் சாயம், காதில் முத்து.

வந்தவள் பெயர் மலியா. நாற்பது வயது, சமோவாத் தீவுக்காரி, வாய் நிறையச் சிரிப்பு. நோலா சுட்டுக் கொடுத்த ஸ்கோன் ரொட்டியில் ஜாமைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"சமையல் எப்படிங்க?"

"நீயே சாப்பிட்டுப் பாரேன், கண்ணு."

"வீடு கூட்டறது?"

"தரையில முகம் பாத்துக்கலாம்."

"நடக்கறதுக்கு ஏதாவது பிடிமானம் வேணுமா?"

"எனக்கா? குளத்துக்கு வா, யார் முதல்ல கரையேறறாங்கன்னு பாக்கலாம்."

"குளியல்?"

"தினமும்."

அது பொய்யில்லை. ஆனால் விழுந்த நாளிலிருந்து வீட்டுத் தொட்டியில் அவள் கால் வைக்கவில்லை. குளத்தருகே உடை மாற்றும் கொட்டகையில் ஒரு ஷவரும் இரும்புப் பிடியும் உண்டு, அங்கேதான் குளித்தாள். அந்தக் கொட்டகையைப் பழுது பார்க்க அடுத்த வாரம் மூடப் போகிறார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை.

மலியா காகிதத்தில் வரிசையாக 'தேவையில்லை' என்று குறித்தாள். "உங்களுக்கு ஒரு குறையும் இல்ல போலிருக்கே. இதை இப்படியே அனுப்பிட்டா, நாங்க மறுபடி உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியிருக்காது."

ஜெயித்தாயிற்று. அந்த மட்டில் வாயை மூடியிருக்கலாம். ஜெயித்தவர்களுக்கு வாய் சும்மா இருக்காதே.

"குளியலறையை ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்" என்றாள் மலியா.

"பாரேன். எறங்கறது ஏறறதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல. காட்டறேன்."

"வேணாங்க, சும்மா..."

அதற்குள் நோலா குளியலறைக்குள் புகுந்து, சுவரைப் பிடித்து, நல்ல கவுனோடும் முத்தோடும், காய்ந்து கிடந்த தொட்டிக்குள் ஒரு காலை வைத்து, மறு காலையும் வைத்து, ராணி மாதிரி உட்கார்ந்தும் விட்டாள்.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முழங்காலை மடக்கிப் பார்த்தாள். விளிம்பைப் பிடித்து உந்தினாள், கை வழுக்கியது. இன்னொரு முறை உந்தினாள். தொட்டி அவளை விடுவதாக இல்லை.

"இந்தத் தொட்டி கொஞ்சம் கோணல்" என்றாள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்தானே. மலியா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு நோலாவுக்கே தெரிந்தது. அதைப் பார்த்து நோலாவுக்குத்தான் முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது நோலாவின் கண்ணில் நீர் மட்டும் நிற்கவில்லை.

"பயமா இருக்கு, கண்ணு" என்றாள். "ஆறு வாரமா இதுக்குள்ள நான் எறங்கவே இல்ல. இந்த வீட்டை விட்டு என்னை அனுப்பிடுவாங்களோன்னு அதை விடப் பயம்."

"இந்த வீட்டுலயே நீங்க இருக்கணும்னுதாங்க என்னை அனுப்பறாங்க. அதுக்குத்தான் இவ்வளவு கேள்வி." மலியா காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "வாங்க, முதல்ல தூக்கி விடறேன்."

நோலா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப தூக்காத. அந்தக் காகிதத்தை எடு, முதல் கேள்வியிலேருந்து கேளு. எழுந்து நின்னுட்டேன்னா மறுபடி பொய் சொல்ல ஆரம்பிச்சிடுவேன்."