தங்கமாய் மின்னிய தண்ணீர்

பள்ளிபாளையத்துச் சாயப்பட்டறை முதலாளி சின்னுசாமிக்குச் சுதந்திர தின விழாவில் போட்டுக் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் அக்சிலியாவை வரச்சொன்னார்.

"அம்மிணி, மொதல்ல மூணு கலர் துணி காத்துல பறக்கோணும். அப்பறம் கெணத்துத் தண்ணி தங்கமாட்ட மின்னிக்கிட்டு வயல்ல பாயோணும். நம்ம பட்டறையால நாடு செழிக்குதுன்னு பாக்கறவன் தானாப் புரிஞ்சுக்குவான்."

"தங்கமாட்டவே எடுத்துரலாமுங்க."

அவள் யார் மகள் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பட்டறைக் கழிவால் தன் கிணறு கெட்டபோது, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று இதே வாசலில் கும்பிட்டவர் அவள் அப்பா உபகாரசாமி. "நாடு முன்னேறறது உனக்குப் பொறுக்கலியா?" என்று ஆள் விட்டுத் தள்ளினார் சின்னுசாமி. கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் வேட்டியில் அன்று ஒட்டிய மண்ணை அக்சிலியா மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் அவளுக்கு இல்லை.

மறுநாள் அப்பாவின் கிணற்று மோட்டாரைப் போட்டாள். மஞ்சளாய்க் கொட்டிய தண்ணீர் வெயிலில் தகதகத்தது. படத்தைப் பார்த்த சின்னுசாமி வாயெல்லாம் பல்லானார்.

"அடேங்கப்பா, என்ன கலரு! எந்தக் கெணறு அம்மிணி?"

"பக்கத்துலதானுங்க. உங்க கொரல்லயே ஒரு வார்த்த சொல்லீட்டா எடுப்பா இருக்குமுங்க."

சொன்னார். கொழுப்பு யாரை விட்டது?

விழா மேடையில் பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். திரையில் துணி பறந்தது, தங்கம் பாய்ந்தது. "இது எங்க பட்டறை நாட்டுக்குக் குடுத்த செல்வம்" என்றது சின்னுசாமியின் குரல். படத்தின்மேல், முந்தைய நாள் அவள் சேர்த்த எழுத்துகள் வந்தன: 'உபகாரசாமியின் கிணறு. பட்டறைக்கு இரண்டு வயல் கீழே. நிறம் எதுவும் சேர்க்கப்படவில்லை.'

சின்னுசாமி மைக்கைப் பிடுங்கினார். "பொய்யிங்க! இந்தப் புள்ள கலர் ஏத்தியிருக்குது!"

அக்சிலியா மேடையேறினாள். கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றி அதிகாரி முன்னால் வைத்தாள். அதே மஞ்சள். அவள் நெஞ்சு குளிர்ந்தது.

"நான் கலரே போடலீங்க. போட்டது அவருதானுங்க."

அதிகாரி டம்ளரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயோ சார், குடிச்சுராதீங்க!" என்று அலறினார் சின்னுசாமி.

மைக் அவர் கையில்தான் இருந்தது. கூட்டம் மொத்தமும் கேட்டது. கடைசி வரிசையில் உபகாரசாமி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.