இரண்டு வயிற்று வண்டி

பூங்கொத்துகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார் குப்பை வண்டி ஓட்டுநர். பூ மனைவியின் காலடிக்கு, தாள் வாசலிலிருந்த நீலத் தொட்டிக்கு. விடியும்போது அவளுக்கு மூச்சு நின்றிருந்தது.

“மாமா, அத விடுங்க. வந்தவங்க எல்லாம் பாக்குறாங்க,” என்றாள் கொழுந்தியாள்.

“பாக்கட்டும். அப்படியே போட்டா உங்க அக்கா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா.”

சொன்ன பிறகுதான், இனி அவள் எதுவும் சொல்லப்போவதில்லை என்பது உறைத்தது.

பாலர் வகுப்பு ஆசிரியை அவள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அவள் நடத்திய முதல் பாடம் எழுத்து அல்ல, குப்பை. பழத்தோல் பச்சைத் தொட்டிக்கு, தாளும் பிளாஸ்டிக்கும் நீலத்துக்கு. மாற்றிப் போட்டால் வண்டிக்கு வயிறு வலிக்கும். வண்டிக்கு ஏது வயிறு என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. வகுப்பறைச் சுவரிலேயே பெரிதாக வரைந்து வைத்திருந்தாளே, இரண்டு வயிறுள்ள வண்டி! அந்தக் கதையை அவளுக்குச் சொன்னவர் சாட்சாத் அவள் வீட்டுக்காரர்தான்.

சொன்னபோது அது பொய்யில்லை. பதினோரு வருடத்துக்கு முன் வண்டி புதிதாக வந்தபோது உள்ளே நடுவில் ஒரு தடுப்புத் தகடு இருந்தது. ஒரே வருடத்தில் துருப்பிடித்து ஆட ஆரம்பித்தது. பட்டறையில் அறுத்தெடுத்துவிட்டு, புதுத் தகடு இதோ வருகிறது என்றார்கள். வந்தபாடில்லை. வெளியே இரண்டு மூடி, உள்ளே ஒரே வயிறு, போவதெல்லாம் ஒரே குப்பைக் குழிக்கு. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பத்து வருடம் ஓட்டிவிட்டார். பள்ளித் தெருவுக்கு மட்டும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய்க் குப்பையை அள்ளிவிடுவார்.

நேற்றுச் சாயங்காலம்கூட, மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்.

“பச்சை வயிறு... நெறஞ்சுதா?”

“நெறஞ்சு வழிஞ்சுது போ. உன் பிள்ளைங்க விட்டாத்தானே.”

சிரிக்கப் பார்த்தாள். அவர்கள் கடைசியாகப் பேசியது அதுதான். கடைசிப் பேச்சும் பொய்யாகப் போய்விட்டதே என்று காலையிலிருந்து அவருக்கு மனசு ஆறவில்லை.

பதினோரு மணிக்குத் தலைமை ஆசிரியை பிள்ளைகளைக் கூட்டிவந்தார். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வந்தார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி பூவை ஆசிரியையின் காலடியில் வைத்துவிட்டு, தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். மனைவி சொல்லும் ‘மேஸ்திரி’ இவளாகத்தான் இருக்க வேண்டும். தப்பான தொட்டியில் போட்டவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து திரும்ப எடுக்க வைப்பாளாம். அவளைப் பற்றிப் பேசாத நாளில்லை வீட்டில்.

“வண்டி மாமா, இது நீலத்துலதானே?”

“சரியாச் சொன்ன மேஸ்திரி.”

அவள் வாசலுக்குப் போகவும் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

“ரெண்டு வயித்து வண்டி!”

சாவு வீடு என்பதையும் மறந்து பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடினார்கள். பள்ளித் தெருவில் பத்து வருடம் காத்ததை, ஓட்டுநர் தன் வீட்டு வாசலில் கோட்டைவிட்டுவிட்டார். இன்று தனக்குப் பதிலாக வண்டியை எடுத்த கூட்டாளி மொட்டையிடம் வராதே என்று சொல்ல மறந்துபோயிற்று.

“அண்ணே, அண்ணிய எடுக்கறதுக்குள்ள வாசலச் சுத்தமா வச்சிடலாம்னு வந்தேன்,” என்றபடி இறங்கினான் மொட்டை.

“இப்ப வேணாம்டா. அப்புறமா வா.”

“நீங்க சும்மா இருங்கண்ணே. இன்னைக்கு ஒருநாளாவது நீங்க குப்பையப் பாக்காம இருங்க.”

பாசக்காரப் பயல். இரண்டு மூடிகளையும் அகலத் திறந்தான். பச்சைத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தான். தேயிலைச் சக்கையும் பழத்தோலும் விழுந்தன. அதன்மேலேயே நீலத் தொட்டியையும் கவிழ்த்தான். காலையிலிருந்து உரித்த தாளெல்லாம் சக்கையில் நனைந்து அமுங்கியது.

பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஒரே வயிறுதான் இருக்கு,” என்றது ஒரு குழந்தை.

“பின்ன? எல்லாம் ஒரே குழிக்குத்தானே பாப்பா போவுது,” என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான் மொட்டை.

மேஸ்திரி ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தாள்.

“டீச்சர் பொய் சொன்னாங்களா?”

இல்லை, அவளுக்குத் தெரியாது, பொய் சொன்னவன் நான் என்று சொல்ல வாயைத் திறந்தார். வண்டி கிளம்பிப் போனது. தலைமை ஆசிரியை பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார்.

மேஸ்திரி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே அதைக் கீழே விட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டுநர் குனிந்து தாளை எடுத்தார். இரண்டு தொட்டிகளும் காலியாக, வாய் பிளந்து நின்றன. உள்ளேயிருந்து கொழுந்தியாள் இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் தாளைக் கையில் பிடித்தபடி தொட்டிகளுக்கு நடுவிலேயே நின்றிருந்தார்.